அரை இஞ்ச்ன்னா எத்தனை மில்லி, யாராவது சொல்லுங்கப்பா

பைப்பு கடைக்காரர், பிளம்பர், ஆசாரி, கிரானைட் அறுக்கிறவர், சிம்னி மாட்ட வர்ற பையன், எல்லாருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். ஒருத்தரையும் விடப்போறதில்ல. பழைய அடுக்களையை உடைச்சுப் புதுசா கட்ட இறங்கின வீட்டுல ஒரு மாசம் இருந்து பாருங்க, என் வயித்தெரிச்சல் என்னன்னு தெரியும்.

முதல்ல இந்த அரை இஞ்ச். கடையில போயி அரை இஞ்ச் பைப்புன்னு கேளுங்க. வெந்நீருக்குப் போடுற சிபிவிசியில அரை இஞ்ச் பைப்போட வெளிவிட்டம் 15.9 மில்லிமீட்டர். பச்சைத்தண்ணிக்குப் போடுற யுபிவிசியில அதே அரை இஞ்ச் 21.3 மில்லி. கிணத்து மோட்டருக்கும் தென்னந்தோப்புக்கும் போடுறோமே சாதா பிவிசி, அதுல 20 மில்லி பைப்பைத்தான் அரை இஞ்ச்ன்னு சொல்லி எடுத்துக் குடுப்பாங்க. உண்மையான அரை இஞ்ச் 12.7 மில்லி. இந்த மூணுல ஒண்ணாவது அதுக்குப் பக்கத்துல வருதா? சிபிவிசி செம்புக் குழாய் அளவை வச்சு வந்தது, யுபிவிசி இரும்புக் குழாய் அளவை வச்சு வந்தது, சாதா பிவிசி நேரா மில்லிமீட்டர் கணக்கு. மூணுக்கும் பேரு மட்டும் ஒண்ணு. பைப்பு மேலேயே ஐ.எஸ். 15778, ஐ.எஸ். 4985ன்னு இந்தியத் தர எண்ணைப் பொடி எழுத்துல அடிச்சிருப்பாங்க. அதைப் படிச்சு வித்தியாசம் சொல்லி விக்கிற ஒரு கடையை எனக்குக் காட்டுங்க.

எங்க வீட்டுல மாமனார் காலத்துல போட்ட பிவிசி சுவத்துக்குள்ள கெடக்கு. பாத்ரூம்ல ஹீட்டர் வச்சப்போ சிபிவிசி வந்தது. இப்ப அடுக்களைக்கு யுபிவிசி. பிளம்பர் வந்தாரு, பாத்தாரு, ஒரு துண்டுப் பேப்பரைக் கொளுத்தி பழைய பைப்போட வாயைத் தீயில காட்டி விரிச்சாரு. அதுக்குள்ள புதுப் பைப்பைச் சொருகி, பசையை அப்பி, "இனி இது உடையாதுக்கா"ன்னாரு. உடையல. சாயங்காலம் மோட்டர் போட்டு டேங்க் நிறைஞ்சதும் சுவரு முழுக்க வேர்த்து நின்னுது. சிபிவிசிக்கும் யுபிவிசிக்கும் பசையே வேற வேற. ஒட்டவே கூடாது, திருகு மறை போட்டுத்தான் சேர்க்கணும். இந்தப் பக்கம் வெளிமறை உள்ள ஒரு எம்டிஏ, அந்தப் பக்கம் உள்மறை உள்ள ஒரு எஃப்டிஏ, நடுவுல டெஃப்லான் டேப். மூணு வகை பைப்பும் கைகோக்கிற இடம் அந்த மறைதான். கடையில தொங்கத்தான் செய்யுது, பெரிய விலையும் கிடையாது. ஆனா பேப்பர் கொளுத்துறது வாங்கப் போறதை விட சுலபம்லா!

நானே போயி வாங்கிட்டு வாறேன்னு கிளம்பினேன். எங்க வீட்டுக்காரரு குவைத்துல. இந்தக் கன்னியாகுமரி ஜில்லாவுல பாதி வீட்டு வேலை ஆம்பளை வெளிநாட்டுல இருக்க, பொம்பளை நின்னு பாக்கிற வேலைதான். கடைக்காரங்களுக்கு அது தெரியாதா? "வெளிவிட்டம் எவ்வளவுண்ணே"ன்னு கேட்டேன். கல்லாவுல இருந்தவரு சிரிச்சுக்கிட்டே, "அதெல்லாம் உங்களுக்கு எதுக்குக்கா, வீட்டுல ஆம்பளையாளு இருந்தா அனுப்பி விடுங்க, இல்லைன்னா பிளம்பரை வரச்சொல்லுங்க"ன்னாரு. அந்தப் பிளம்பருக்குத் தெரிஞ்சிருந்தா நான் எதுக்கு வெயில்ல பஸ் ஏறி தக்கலைக்கு வாறேன்? பையிலேருந்து அளவு டேப்பை எடுத்து நானே பைப்பு மேல வச்சு அளந்ததும் முகம் சுருங்கிப்போச்சு. அதுக்கப்புறம் "அக்கா"வும் போச்சு, "மேடம்" ஆயிட்டேன்.

அளவுன்னதும் ஞாபகம் வருது. ஆசாரிக்கு எல்லாமே நூல் கணக்கு, எட்டு நூல் ஒரு இஞ்ச். கிரானைட்காரருக்கு அடி. கம்பெனிக்காரன் பெட்டி மேல அடிக்கிறது மில்லி. ஒரு நூல்னா கிட்டத்தட்ட 3.2 மில்லி. "ரெண்டு நூல் முன்னப்பின்ன இருந்தா என்ன மக்களே"ன்னு ஆசாரி சொல்றப்போ கேக்க நல்லாத்தான் இருக்கும். அது ஆறு மில்லிக்கு மேல. ஒரு கதவு மூடுறதுக்கும் மூடாததுக்கும் அது போதும்.

சிங்க் கதைக்கு வாறேன். நாங்க இருக்கிறது கொளச்சல் பக்கம், கடல் காத்து ஜன்னல் கம்பியையே தின்னுது. அதனால 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சிங்க்தான் வேணும்னு தெளிவாக் கேட்டேன். 304ன்னா குரோமியம் 18 சதவீதமும் நிக்கல் 8 சதவீதமும் இருக்கணும். 202 கிரேடுல நிக்கல் கம்மி, அந்தக் குறையை மாங்கனீசை வச்சு நிரப்புவாங்க, உப்புக் காத்துல சீக்கிரம் புள்ளி விழும். கடைப்பையன் ஒரு காந்தத்தை எடுத்து சிங்க் மேல வச்சு, "ஒட்டுதா பாருங்க, ஒட்டல பாத்தீங்களா, அப்ப 304தான்"ங்கான். ஏம்பா, 202லயும்தான் காந்தம் ஒட்டாது! ரெண்டுமே காந்தம் ஒட்டாத ஜாதி எஃகுதான். இந்தக் காந்த வித்தையை மார்த்தாண்டத்துலயும் காட்டினாங்க, நாகர்கோவில்லயும் காட்டினாங்க. ஊர் ஊரா யாரோ பாடம் எடுத்திருக்காங்க போல.

சரி, சிங்க் வந்தாச்சு. 24க்கு 18 இஞ்ச். இது வெளி விளிம்போட அளவா, உள்ளே தண்ணி நிக்கிற தொட்டியோட அளவா? பில்லுல இல்ல, நானே அளந்து பாத்தா வெளி விளிம்பு. கிரானைட் அறுக்க வந்தவரு சிங்க்கைத் திரும்பிக்கூடப் பாக்கல. "24க்கு 18தானே, நமக்குத் தெரியாதா"ன்னு கல்லு மேல சாக்பீஸ்ல சரியா 24க்கு 18 கோடு போட்டாரு. மேலேருந்து உட்கார வைக்கிற சிங்க்குக்கு ஓட்டை விளிம்பை விடச் சின்னதா இருக்கணும். அந்த விளிம்புதான் கல்லு மேல படுக்கும். அவரு போட்ட கோட்டுல அறுத்திருந்தா சிங்க் நேரா கீழே போயி கேஸ் சிலிண்டர் மேல உக்காந்திருக்கும். மிஷினை ஆன் பண்ற நேரத்துல நான் போயி கோட்டை அழிச்சேன். அவருக்கு அதுல வந்த கோவத்தைப் பாக்கணுமே! "அப்ப நீங்களே அறுத்துக்கிடுங்க"ன்னு மிஷினைக் கீழே வச்சுட்டு சாயா குடிக்கப் போயிட்டாரு.

அதோட முடிஞ்சுதா? பழைய சிங்க் ஆழம் கம்மி. அதுக்கு ஏத்த மாதிரி சுவத்துல கழிவுத் தண்ணி போற ஓட்டை தரையிலேருந்து 18 இஞ்ச் உயரத்துல இருக்கு. புதுசு 10 இஞ்ச் ஆழம். 32 இஞ்ச் மேடையில 10 போனா அடிப்பாகம் 22ல நிக்கும். அதுக்குக் கீழே தண்ணி வெளியேறுற வேஸ்ட் கப்ளிங், அதுக்கும் கீழே மடிப்பு மடிப்பா இருக்கிற ஹோஸ். ஹோஸ் ஓட்டையைத் தாண்டிக் கீழே தொங்கி, திரும்ப மேலே ஏறித்தான் சுவத்துக்குள்ள போகணும். தண்ணி போகும், போகாதுன்னு சொல்லல. ஆனா சாளை கழுவின செதிலும், தேங்காத் துருவலும், சோத்துப் பருக்கையும் அந்த வளைவுலதான் தங்கும். ரெண்டு நாள்ல வீடு மீன் சந்தை. இந்த ஊர்ல அடுக்களை கட்டுறவன் மீன் கழுவுறதை நினைக்காமக் கட்டலாமா? சிங்க் விக்கிறப்போ "சுவத்து ஓட்டை எந்த உயரம்"னு ஒரு கேள்வி கேக்க ஒரு நிமிசம் ஆகுமா? ஒருத்தன் கேக்கல. ஆழமான சிங்க்தான் நல்லா விக்குதாம், பாத்திரம் நிறைய போடலாமாம். இப்ப சுவத்தை இன்னொரு தடவை உடைக்கணும்.

அடுத்தது எங்க வீட்டுக்காரரு லீவுல வந்தப்போ ஆசையா தூக்கிட்டு வந்த மிக்சர் டேப், வெந்நீரும் பச்சைத்தண்ணியும் கலந்து வர்ற குழாய். பளபளன்னு, வாயை இழுத்தா நீண்டு வரும். அதுக்கடியில ரெண்டு ஹோஸ் தொங்குது, நுனி மறை மூணு நூல், அதாவது எட்டுல மூணு இஞ்ச். சுவத்துல தண்ணியைத் திறந்து மூடுற நம்ம ஊர் ஆங்கிள் வால்வுல எல்லாம் அரை இஞ்ச். ரெண்டுக்கும் நடுவுல ஒரு சின்ன ரெடூசர், அவ்வளவுதான் வேணும். திங்கள்சந்தையில கேட்டா "அப்படி ஒரு சைஸே கிடையாது"ங்காங்க. களியக்காவிளையில கேட்டா "திருவனந்தபுரத்துல கிடைக்கும்"ங்காங்க. கையில இருக்கிற பொருளைக் காட்டி, அந்தச் சைஸே உலகத்துல இல்லைன்னு சொல்ற தைரியம் எங்கேருந்து வருதோ!

பொருந்தினாலும் இன்னொரு வம்பு காத்திருக்கு. அந்த டேப்புக்குக் குறைஞ்சது 0.5 பார் அழுத்தம் வேணும்னு பெட்டியோட அடியில போட்டிருக்கு. தண்ணி பத்து மீட்டர் உயரத்துல நின்னா அந்த அழுத்தம் கிட்டத்தட்ட ஒரு பார். எங்க மொட்டை மாடி டேங்க் டேப்பை விட பத்து அடி மேலே இருந்தா பெரிசு, 0.3 பார் தேறும். அப்ப தண்ணி நூலு மாதிரிதான் வரும். பிரஷர் பம்ப் வைக்கணும், இல்ல டேங்க்கை ஏத்தணும். இதை வீடியோ கால்ல சொன்னா, "அங்க ஓட்டல்ல எல்லாம் நல்லா வருதே"ங்காரு மனுசன். உங்க ஓட்டல்ல பம்ப் இருக்கும்லா!

இதுல எனக்குக் கோவம் எங்க வருதுன்னா, ஒவ்வொரு பொருளும் தனித்தனியா நல்லாத்தான் இருக்கு. சிங்க் நல்ல சிங்க், டேப் நல்ல டேப், பைப்பு ஐ.எஸ். முத்திரை உள்ள பைப்பு. ரெண்டும் சேர்ற அந்த ஒரு இஞ்ச் இடம் மட்டும் யாருக்கும் சொந்தமில்ல. டேப் விக்கிறவன் "அது பைப்பு கடையில கேளுங்க"ங்கான். பைப்பு கடைக்காரன் "பிளம்பர் பாத்துக்கிடுவாரு"ங்கான். பிளம்பர் "நீங்க வாங்கித் தந்ததைத்தானே மாட்ட முடியும்"ங்காரு. ஒழுகுறது என்னவோ என் அலமாரிக்குள்ள.

சிம்னியும் அதே கதைதான். அதோட குழாய்க்கு 6 இஞ்ச் வேணும், சுவத்துல பழைய எக்ஸாஸ்ட்டுக்குப் போட்ட 4 இஞ்ச் ஓட்டை. மாட்ட வந்த பையன் பெட்டியைக்கூடப் பிரிக்கல. "ஓட்டை போடுறது எங்க வேலை இல்ல மேடம், போட்டுட்டு திரும்ப புக் பண்ணுங்க"ன்னு போட்டோ எடுத்துட்டுப் போயிட்டான். கொத்தனாருக்குப் போன் போட்டா சிம்னிக்காரன்தான் ஓட்டை போடணுமாம். சின்னதா ஒரு குறுக்கி போட்டு 4 இஞ்ச்லயே சொருகிடலாம்னு இன்னொருத்தரு யோசனை சொன்னாரு. சொருகலாம், ஆனா காத்து போற வழி பாதிக்கும் கம்மியாகி, புகை திரும்ப என் முகத்துலதான் வரும். அப்புறம் சிம்னி எதுக்கு, மாமியார் ஊதின மாதிரி ஊதுகுழலை வச்சு ஊதிக்கிட்டே இருக்கலாமே.

சுவிட்சைப் பத்தி அதிகம் பேச விரும்பல. ஒரு கம்பெனி பிளேட்டுல இன்னொரு கம்பெனி சுவிட்ச் உட்காராது. கேட்டா டிசைனாம்.

திருப்பிக் குடுக்கலாம்னு போனா, பில்லுலேயே பெரிசா அச்சடிச்சு வச்சிருக்காங்க, விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாதுன்னு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன்னு சொல்லக்கூடாது, பில்லுல கெடு எதுவும் போடலைன்னா 30 நாள்னு இருக்கு. ஆனா என் பொருள்ல குறைபாடு ஏதும் இல்லையே! ஒண்ணோட ஒண்ணு சேரல, அவ்வளவுதான். சேராத பொருளுக்கு எந்தச் சட்டத்துல இடமிருக்கு?

முடியாத காரியமும் இல்ல இது. எந்தக் கம்பெனி குண்டு பல்பை வாங்கினாலும் வீட்டு ஹோல்டர்ல அழுத்தித் திருப்பி மாட்டுறோமா இல்லையா? ரெண்டு முளை, 22 மில்லி, நாடு முழுக்க பெரும்பாலும் ஒண்ணு. அலமாரிக் கதவு ஹிஞ்சுக்குக்கூட பெரும்பாலும் 35 மில்லி குழின்னு ஒத்துக்கிட்டாங்க. (கதவு பக்கப் பலகையை எவ்வளவு மறைக்கணும்ங்கறதுக்கு 0, 8, 16 கிராங்க்ன்னு மூணு வளைவு இருக்கு, அதை ஆசாரி மாத்தி வாங்கிட்டு வந்தது தனிக் கதை.) சிங்க் பெட்டி மேல ஒரு படம் போட்டு, வெட்ட வேண்டிய ஓட்டை இத்தனை மில்லி, கழிவுக் குழாய் இத்தனை மில்லி, சுவத்து ஓட்டை இந்த உயரத்துக்குக் கீழே இருக்கணும்னு போட எவ்வளவு மை செலவாகும்? அதுக்குப் பதிலா நடிகையைத்தான் போடுறாங்க. அந்தம்மா எங்க வீட்டுக்கு வந்து கப்ளிங்கை முறுக்குவாங்களா?

இப்ப எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. ஒரு பக்கம் மூணு நூல், மறு பக்கம் அரை இஞ்ச், ரெடூசர் ரெண்டு. பித்தளையில வேணும், மேலே மினுக்கு முலாம் பூசின மட்டமான உருப்படி வேண்டாம், கடல் காத்துக்கு அது நிக்காது. நாகர்கோவில்லேருந்து களியக்காவிளை வரைக்கும் எந்தக் கடையில இருக்குன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க, நானே வந்து வாங்கிக்கிறேன். "அப்படி ஒரு சைஸே இல்ல"ன்னு சொல்ல வர்றவங்க மட்டும் கொஞ்சம் தள்ளியே நில்லுங்க.