ஆடியோஸ்லேவ கூட்டிக் கழிச்சு கேட்டவங்களுக்கு

நேத்து ராத்திரி கரண்ட் போயி தூக்கம் வராம புரண்டுட்டு இருந்தப்போ அமெரிக்க ராக் பேண்டு ஆடியோஸ்லேவோட முதல் ஆல்பத்த ஹெட்ஃபோன்ல முழுசா ஓடவிட்டேன், அப்படி ஆரம்பத்துலருந்து கடைசி வரைக்கும் கேட்டு வருஷக்கணக்காச்சு. கேட்டு முடிச்சதும் ஒரு பழைய கோவம் திரும்ப வந்துருச்சு. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

கதை தெரியாதவங்களுக்கு: 2000 அக்டோபர்ல ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின்ங்கற அரசியல் ராக் பேண்டுலருந்து பாடகர் ஸாக் டி லா ரோச்சா வெளிய போயிட்டாரு. மிச்சம் இருந்த டாம் மொரெல்லோ (கிட்டார்), டிம் காமர்ஃபோர்ட் (பேஸ்), பிராட் வில்க் (டிரம்ஸ்) மூணு பேரும் பாட ஆளில்லாம முழிச்சப்போ, தயாரிப்பாளர் ரிக் ரூபின்தான் சவுண்ட்கார்டன் பேண்டோட பாடகர் கிறிஸ் கார்னெல கைகாட்டுனாரு. அந்த நாலு பேரும் சேந்ததுதான் ஆடியோஸ்லேவ். 19 நாள் ரிகர்சல்ல 21 பாட்டு. 2002 நவம்பர்ல ஆல்பம் வந்துச்சு, அமெரிக்காவுல மூணு மடங்கு பிளாட்டினம், அதாவது முப்பது லட்சம் காப்பி.

வித்ததெல்லாம் சரி, விமர்சகர்ல பாதி பேரு மூஞ்சிய சுளிச்சாங்க. ரேஜோட அரசியல் எங்க, சவுண்ட்கார்டனோட கிறுக்குத்தனம் எங்க, வரியெல்லாம் பொத்தாம் பொதுவா இருக்கே, இதுதான் குற்றச்சாட்டு. அதாவது ரெண்டு பேண்டையும் கூட்டி வெச்சுக்கிட்டு வந்தத அதுலருந்து கழிச்சுப் பாத்தாங்க. பேரெடுத்த பேண்டு ஆளுங்க சேந்து ஆரம்பிக்கற சூப்பர்குரூப்னாலே இந்தத் தலையெழுத்துதான், எவனும் முதல் தடவ கேக்குற காதோட உக்கார மாட்டான்.

குற்றச்சாட்டு முழுக்க தப்புன்னு நான் சொல்ல வரல. சவுண்ட்கார்டனோட ஸ்பூன்மேன் மாதிரி ஒரு பாட்டுல காலால தாளம் போட்டுப் பாருங்க, மிஸ்ர சாபு மாதிரி ஏழு எண்ணணும், அந்த மாதிரி விளையாட்டு இங்க ரொம்பக் கம்மி, பெரும்பாலும் நேர் நாலு. வரி விஷயத்துலயும் கார்னெல் சாவு, சாமி, ரோடுன்னு அதே பொட்டலத்ததான் திரும்பத் திரும்பப் பிரிக்கிறாரு, ஒத்துக்கறேன்.

ஆனா இந்த முதல் ஆல்பத்துல வர்ற லைக் எ ஸ்டோன் பாட்ட கொஞ்சம் நிதானமா கேளுங்க. ரேஜ்ல இருந்தப்போ இந்த மூணு பேரோட வேலை முட்டுறது, குரலும் கிட்டாரும் ஒரே சுவத்துல ரெண்டு பக்கமும் மோதுற மாதிரி. இங்க அதே ஆளுங்க முதல் முறையா ஒதுங்கி நிக்கக் கத்துக்கறாங்க. சரணத்துல மொரெல்லோ கஞ்சன் மாதிரி எண்ணி எண்ணி வாசிக்கிறாரு, வில்க் ஒரு அடி கூட அதிகமா அடிக்கல, குரலுக்கு அவ்ளோ எடம் விட்டிருக்காங்க. அப்புறம் கிட்டார் சோலோ வருது பாருங்க, சுருதிய ஏத்தி இறக்கற வாமி பெடல காலால மிதிச்சு மிதிச்சு ஸ்வரத்த மேல தூக்குறாரு, வேகத்தக் காட்ட ஒண்ணுமே இல்ல, ஆனா அழுறதுக்கு முன்னாடி தொண்டை ஏறி இறங்குமே, அந்த மாதிரி ஒரு சத்தம். இத ரேஜ்ல வாசிச்சிருக்க முடியாது, சவுண்ட்கார்டன்ல வாசிக்க ஆளே இல்ல. அப்போ இது எந்தக் கூட்டல்ல வந்த விடை?

அதே ஆல்பத்துல கோச்சீஸ் பாட்டு ஆரம்பத்துல ஒரு ஹெலிகாப்டர் சத்தம் வருமே, காலேஜ் படிக்கறப்போ அத கம்ப்யூட்டர்ல பண்ணதுன்னு நண்பன்கிட்ட அடிச்சுச் சொல்லி ஒரு பிளேட் பரோட்டா பந்தயத்துல தோத்தேன். கிட்டார் கம்பி மேல பென்சிலால தட்டி, சத்தத்த எதிரொலி மாதிரி திரும்பத் திரும்ப விடற டிலே பெடல்ல விட்ட சத்தம் அது!

ரெண்டாவது ஆல்பம் அவுட் ஆஃப் எக்ஸைல், 2005, அமெரிக்காவோட பில்போர்டு ஆல்பப் பட்டியல்ல முதலிடம். எனக்கு அதுல பாதி போரடிக்கும், அவ்ளோதான். அந்த வருஷம் மே மாசம் ஹவானாவுல அமெரிக்கத் தூதரக அலுவலகத்துக்கு எதிர்ல இருக்கற மேடையில இலவசக் கச்சேரி பண்ணாங்க, கியூபாவுல திறந்தவெளியில வாசிச்ச முதல் அமெரிக்க ராக் பேண்டுன்னு பேரு. அரசியலே இல்லாத பேண்டாம்!

என் கட்சி மூணாவது ஆல்பம், ரெவலேஷன்ஸ், 2006. பழைய ஃபங்க், சோல் வாடை அடிக்குது, காமர்ஃபோர்ட் பேஸ் கடைசியா கொஞ்சம் இடுப்ப ஆட்டுது. வைட் அவேக் பாட்டு கத்ரீனா புயலப்போ அரசாங்கம் கைவிட்ட ஜனத்தப் பத்தினது. அரசியல் எங்கன்னு நாலு வருஷம் கேட்டவங்க அது வந்தப்போ எங்க போனாங்கன்னு தெரியல, அதுக்குள்ள பேண்டே முடியற நேரம், 2007 பிப்ரவரில கார்னெல் விலகிட்டாரு.

2017 ஜனவரில டிரம்ப் பதவியேத்த அன்னிக்கு எதிர்ப்புக் கச்சேரில நாலு பேரும் ஒண்ணா ஏறி மூணு பாட்டு வாசிச்சாங்க. மே 18ல கார்னெல் செத்துப்போனாரு. சவுண்ட்கார்டன்தான் பெருசு, ஆடியோஸ்லேவ் சும்மா பணத்துக்குன்னு இனிமே யாராவது கமெண்ட்ல வந்தீங்கன்னா, முதல்ல லைக் எ ஸ்டோன் சோலோ முடிஞ்சு அந்தக் குரல் திரும்ப வர்ற எடத்த ஒரு தடவ கேட்டுட்டு வாங்க, அப்புறம் சண்டை போடலாம்.