ஸ்வால்பார்டில் யார் ஊர்க்காரர்?

வட துருவத்தை நோக்கிய கடலில் நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் உள்ள லாங்யர்பியன் நகரத்தின் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்க வேண்டுமானால், நார்வேக் குடியுரிமை இல்லாதவர்கள் நார்வேப் பெருநிலத்தில் மூன்று ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும் என்று அந்நாட்டு அரசு 2022இல் விதியை மாற்றியது. அதுவரை ஸ்வால்பார்டிலேயே மூன்று ஆண்டுகள் வாழ்ந்திருந்தால் போதும் என்பதுதான் நடைமுறை. இந்த மாற்றம் அநீதியானது என்பது என் உறுதியான கருத்து. அந்தத் தீவுக்கூட்டத்தின் நானூறு ஆண்டு வரலாற்றைத் தெரிந்துகொண்டால், அந்த அநீதியின் கனம் இன்னும் தெளிவாகப் புரியும்.

நார்வேயின் வடகரைக்கும் வட துருவத்துக்கும் ஏறக்குறைய நடுவே கிடக்கும் இந்தத் தீவுகளில் பூர்வகுடிகள் வாழ்ந்ததற்கு உறுதியான சான்று எதுவும் இல்லை. 1596இல் டச்சு மாலுமி வில்லெம் பேரன்ட்ஸ் இவற்றைக் கண்டபின் வந்தவர்கள் எல்லாரும் ஏதோ ஒன்றை எடுத்துப் போக வந்தவர்களே. முதலில் திமிங்கில எண்ணெய். இங்குள்ள ஆம்ஸ்டர்டாம் தீவில் டச்சுக்காரர்கள் அமைத்த ஸ்மீரன்பர்க், ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த பெருநகரம் என்று நெடுங்காலம் கதையாகப் பேசப்பட்டது. அகழாய்வு செய்தபோது, கோடைக்காலத்தில் சுமார் 200 பேர் வேலை செய்த ஒரு கொழுப்புருக்கும் களம்தான் அது என்று தெரியவந்தது. செப்புக் கொப்பரைகளிலிருந்து வழிந்த எண்ணெய் மணலோடும் சரளையோடும் கலந்து இறுகி, அடுப்புகளைச் சுற்றிச் சிமெண்டுபோல் வளையமிட்டு இன்றும் கிடக்கிறது. திமிங்கிலங்கள் அருகியதும் 1660 வாக்கில் அந்த இடம் கைவிடப்பட்டது.

அடுத்து நிலக்கரி. அமெரிக்கரான ஜான் மன்ரோ லாங்யர் 1906இல் தொடங்கிய சுரங்கக் குடியிருப்பே, 1916இல் நார்வே நிறுவனத்தின் கைக்கு மாறி, அவர் பெயரையே தாங்கி லாங்யர்பியன் ஆனது. ஸ்வீடன்காரர்கள் தொடங்கிய பிரமிடன் என்ற சுரங்க ஊரை 1927இலும், டச்சுக்காரர்களின் பேரன்ட்ஸ்பர்க்கை 1932இலும் சோவியத்துகள் வாங்கினார்கள். பிரமிடன் 1998இல் மூடப்பட்டது. ஆளற்ற கட்டடங்களுக்கு முன்னால் லெனின் சிலை இன்னும் நிற்கிறது. அதே தீவுக்கூட்டத்தின் இன்னொரு ஊரான நீ-ஓலசுண்டின் சுரங்கத்தில் 1962இல் நடந்த வெடிப்பில் 21 தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தப் பிரச்சினையில் மறு ஆண்டு நார்வே அரசே நம்பிக்கை இழந்து கவிழ்ந்தது. அங்கே உயிரின் விலை எவ்வளவு என்பதை நார்வே அறியாத நாடல்ல.

இத்தனை பேரையும் ஒரே இடத்தில் வாழவிட்டது 1920 பிப்ரவரி 9 அன்று பாரிஸில் கையெழுத்தான ஒப்பந்தம். இறையாண்மை நார்வேக்கு, ஆனால் மீன்பிடி, வேட்டை, சுரங்கம், வாணிகம் ஆகியவற்றில் கையெழுத்திட்ட நாடுகளின் குடிமக்கள் அனைவருக்கும் சம உரிமை. அன்றைய பிரித்தானிய இந்தியாவும் அதில் ஒரு தரப்பு. பனிப்பிரதேச ஆய்வுக்காக 2008இல் நீ-ஓலசுண்டில் இந்தியா ஹிமாத்ரி நிலையத்தைத் திறந்தபோது, அந்தப் பழைய கையெழுத்தின் பொருள் நம் தலைமுறைக்கும் வந்து சேர்ந்தது. ஸ்வால்பார்டில் வசிக்க விசா தேவையில்லை. ஆனால் பெருநிலத்தில் கிடைப்பதுபோன்ற சமூக நல உதவியும் இல்லை. தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவரை ஆளுநர் வெளியேற்றலாம்.

இன்றைய லாங்யர்பியனில் ஏறக்குறைய 2,500 பேர் வாழ்கிறார்கள். சுமார் மூன்றில் ஒரு பங்கினர் வெளிநாட்டவர். அவர்களில் தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் மக்கள் கணிசமானவர்கள். நார்வேயின் கடைசி நிலக்கரிச் சுரங்கமான ஏழாம் எண் சுரங்கம் 2025இல் மூடப்பட்ட பிறகு, ஊரின் பிழைப்பு சுற்றுலாவையும் ஆய்வையும் நம்பியிருக்கிறது. விடுதி அறையைத் துடைப்பதும், உணவகத்தில் சமைப்பதும், நாலு மாத இருட்டில் ஊரை இயங்க வைப்பதும் பெருமளவு இவர்கள் கைகள்தாம். வீடுகளைத் தாங்கும் தூண்கள் நிற்கும் உறைநிலம் இளகுகிறது. 2015 டிசம்பரில் பனிச்சரிவு வீடுகளைப் புரட்டி இரண்டு உயிர்களைக் கொண்டுபோனது. எந்த வீட்டை இடிப்பது, யாரை எங்கே குடியமர்த்துவது என்பதெல்லாம் அந்த ஊர் அன்றாடம் பேசியாக வேண்டிய கேள்விகள்.

நார்வேயின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பெருநிலத்தின் பணம் பெருமளவு அங்கே செலவாகிறது. எனவே நாட்டின் நிர்வாக முறையை அறிந்தவர்களே முடிவெடுக்க வேண்டும் என்கிறார்கள். ரஷ்யா அருகிலிருக்கும் பகுதியில் பாதுகாப்புக் கவலை இருப்பதும் இயல்பே. ஆனால் தீவில் வசூலிக்கும் வரியைத் தீவுக்கே செலவிட வேண்டும் என்று அதே ஒப்பந்தத்தின் எட்டாவது பிரிவு சொல்கிறது. அந்த வரியைக் கட்டுபவர்களில், பத்து ஆண்டுகள் அங்கேயே உழைத்த ஒரு தாய்லாந்துப் பெண்ணும் இருக்கலாம். அவர் பெருநிலத்தில் மூன்று ஆண்டுகள் வாழவில்லை என்பதற்காக, தன் தெருவின் பனிச்சரிவுத் தடுப்பைப் பற்றி ஒரு வாக்குகூட இல்லாமல் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. பாதுகாப்பும் வெளியுறவும் எப்படியும் தலைநகர் ஆஸ்லோவின் கையிலேயே இருக்கின்றன. உள்ளாட்சி மன்றத்தின் கையில் இருப்பவை பள்ளியும் தண்ணீரும் சாலையும். அவற்றுக்குப் பழைய விதியே போதுமானது. அதை நார்வே நாடாளுமன்றம் மீண்டும் கொண்டுவர வேண்டும்.