ஊட்டியில் உயரத்தை அளக்கிறார்கள், கட்டிலை எண்ணுவதில்லை

நீலகிரியில் கட்டட அனுமதி என்றாலே பேச்சு 7 மீட்டர் உயர வரம்பில்தான் போய் நிற்கும். அந்த வரம்பு கட்டாயம் வேண்டும். ஆனால் அந்த 7 மீட்டருக்குள் எத்தனை கழிப்பறை வருகிறது, அந்தத் தண்ணீர் எந்தக் குழாயில் போய் விழும் என்று கேட்பாரில்லை. சீசனுக்குச் சீசன் ஊட்டியில் பாதாளச் சாக்கடை பொங்குவதற்கு முதல் காரணம் இதுதான் என்பேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் சாக்கடைக்கு வரும் என்றுதான் பொறியாளர்கள் கணக்கு வைப்பார்கள். 5 பேர் இருக்கும் பழைய ஓட்டு வீடு 540 லிட்டர் விடும். அதை இடித்துவிட்டு 20 அறை காட்டேஜ் எழுப்பினால் 40 படுக்கை. படுக்கைக்கு 180 லிட்டர் என்று வைத்து, அதில் அதே 80 சதவீதம் எடுத்தாலே 5,760 லிட்டர். பத்து மடங்குக்கும் மேல்! மனை அதே மனை, தெருக்குழாய் அதே 6 அங்குலக் குழாய். இதில் பெரும்பகுதி காலையில் எல்லா அறையிலும் கீசர் ஓடும் இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடும்.

மலைதானே, தண்ணீர் தானாக ஓடிவிடும் என்பார்கள். சிக்கலே அங்கேதான். அந்த 6 அங்குல, அதாவது 150 மி.மீ. குழாய் 20-க்கு 1 சரிவில் (20 மீட்டர் போவதற்குள் 1 மீட்டர் இறங்கும் சரிவு) நொடிக்குச் சுமார் 34 லிட்டர் கடத்தும். 100-க்கு 1 சரிவில் அதே குழாய்க்கு 15 லிட்டர்தான் முடியும். எல்க்ஹில் மேட்டுப் பக்கமிருந்து பாய்ந்து வருவது மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு, ரேஸ்கோர்ஸ் இருக்கும் தட்டை நிலத்துக்கு வந்ததும் தயங்கி நிற்கிறது. வேகம் நொடிக்கு 0.6 மீட்டருக்குக் கீழே போனால் மணல் அடியில் தங்கிவிடும். மேட்டில் கட்டினவருக்கு ஒன்றும் தெரியாது. பள்ளத்தில் கடை வைத்திருப்பவர் வாசலில்தான் மேன்ஹோல் மூடி தூக்கும்.

கட்டுமான வேலை நடக்கும்போதே பாதி கெட்டுவிடுகிறது. கலவை மெஷினைக் கழுவிய சிமெண்ட் பாலை மேன்ஹோலில் ஊற்றுகிறார்கள். அது அடி வாய்க்காலில் இறுகி, ஒரு விரல் கனத்துக்குத் திட்டாக நிற்கும். அந்தத் திட்டில் துணி மாட்டும், துணியில் எண்ணெய் படியும். இந்தக் குளிரில் ஹோட்டல் எண்ணெய் குழாய்க்குள்ளேயே வெள்ளையாக உறைந்துவிடுகிறது. தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட்டிங் வண்டி படிக்கட்டுச் சந்துகளுக்குள் நுழையாது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்த 2013 சட்டப்படி குற்றம், இறக்கவும் கூடாது.

அடுத்தது மழை. 100 சதுர மீட்டர் கூரையில் மணிக்கு 20 மி.மீ. பெய்தால் நொடிக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் வரும். கூரைக் குழாயைச் சாக்கடையில் சொருகிய வீடுகள் 27 இருந்தால் போதும், தட்டை நிலத்துக் குழாய் கடத்தும் அந்த 15 லிட்டரும் மழைநீரிலேயே நிறைந்து, கழிவுநீருக்கு இடமே இருக்காது. இதைக் கண்டுபிடிப்பது சுலபம். மழையில்லாத நாளில் கூரைக் குழாயில் ஒரு வாளி சாயத் தண்ணீரை ஊற்றிவிட்டு, அடுத்த மேன்ஹோலைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

நிரம்பி வழிவது கோடப்பமந்து கால்வாயில் இறங்கி ஊட்டி ஏரிக்குப் போகிறது. ஏரி உபரிநீர் காமராஜ் சாகர் அணைப் பக்கம் போகிறது. சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேரும் கழிவுநீருக்கும் குளிர்காலத்தில் சோதனைதான்: அழுக்கைத் தின்னும் பாக்டீரியா குளிரில் மந்தமாகிவிடும். உறைபனி விழும் அதே நாட்களில்தான் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் கூட்டம். உறிஞ்சுகுழி தோண்டிக்கொள்கிறோம் என்பவர்களுக்கு ஒன்று: சரிவில் ஊறும் தண்ணீர் கீழ்வீட்டுத் தடுப்புச் சுவரைத்தான் தள்ளும்.

செய்யக்கூடியது இருக்கிறது. 10 அறைக்கு மேல் கட்டுகிறவர் சமநிலைத் தொட்டி கட்டவேண்டும். மேலே சொன்ன காட்டேஜுக்கு 6,000 லிட்டர் தொட்டி போதும். காலையில் வருவதைப் பிடித்து வைத்து, மணிக்கு 240 லிட்டராக நாள் முழுக்க விடலாம். சமையலறைக்கு எண்ணெய்ப் பிடிப்புத் தொட்டி; அதில் கால் பங்கு கசடு சேர்ந்ததும் அள்ளிவிட வேண்டும். வீடு என்று அனுமதி வாங்கிக் காட்டேஜாக நடத்துகிற இடங்களில் சாக்கடை இணைப்பைப் படுக்கைக் கணக்கில் மறுபடி போடவேண்டும். கீழே உள்ள தட்டை நிலத்துக் குழாயை மாற்றும்வரை, அதே சரிவில் புது லாட்ஜுக்கு இணைப்பு கொடுக்கவே கூடாது.