குழந்தைகளுக்கான நிதி: தை மாத மனுக்கள் ஏன் பலிப்பதில்லை

பொங்கல் முடிந்ததும் குழந்தை உரிமை அமைப்புகளின் மனுக்கள் கோட்டையை நோக்கிக் கிளம்பும். நாற்பது ஐம்பது கோரிக்கைகள், கடைசிப் பக்கத்தில் முப்பது அமைப்புகளின் பெயர்கள், அமைச்சரோடு ஒரு படம். நிதிநிலை அறிக்கை வந்த மறுநாள் "குழந்தைகள் புறக்கணிப்பு" என்று ஓர் அறிக்கை. பழியை முழுக்க அரசின் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை. பட்டம் தப்பி விதைத்துவிட்டு மழையைக் குறை சொல்கிறோம்.

தமிழ்நாட்டில் அடுத்த ஆண்டுக்கான எண்கள் துறை இயக்குநரகத்திலிருந்து தலைமைச் செயலகத்துக்கு நகர்வது ஐப்பசி, கார்த்திகை வாக்கில். அந்தக் கணக்கில் ஏறாத தொகையைத் தை மாதத்தில் ஏற்ற வேண்டுமானால் முதலமைச்சரே நினைத்தால்தான் உண்டு. டெல்லியிலும் இதே கதைதான். 2017 முதல் அங்கே பிப்ரவரி 1-ல் தாக்கல் நடக்கிறது. நிதி அமைச்சகத்தின் சுற்றறிக்கை ஆகஸ்ட், செப்டம்பரில் போய்விடும், துறைகளோடு பேச்சு அக்டோபரில் தொடங்கிவிடும். ஆகவே இந்த அமைப்புகளின் கூட்டமைப்பு கூட வேண்டிய மாதம் ஜூன். ஜூலைக்குள் கணக்கு, ஆகஸ்டில் கோரிக்கை, செப்டம்பரில் இயக்குநரகம். அமைச்சர் கடைசியில்தான். படம் எடுக்க அவசரப்படுகிறவர்களுக்கு இந்த வரிசை கசக்கும்.

அடுத்தது, யாரிடம் கேட்பது? "குழந்தைகளுக்கான நிதி" என்று கோட்டையில் தனிப் பெட்டி கிடையாது. ஒவ்வொரு துறைக்கும் சட்டமன்றத்தில் கேட்கும் தொகைக்கு ஒரு மானியக் கோரிக்கை எண் உண்டு. பள்ளிக் கல்வி மானியக் கோரிக்கை எண் 43-ல், அங்கன்வாடி, சத்துணவு, குழந்தைப் பாதுகாப்பு 45-ல், மருத்துவம் 19-ல், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் விடுதிகளும் 4-ல், பிற்படுத்தப்பட்டோர் விடுதிகள் 9-ல் இருக்கின்றன. ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் கட்டடமும் கழிப்பறையும் பெரும்பாலும் 42-ல், அதாவது ஊரக வளர்ச்சித் துறையில். கழிப்பறை கேட்டுப் பள்ளிக் கல்விச் செயலரிடம் மனுக் கொடுத்தால், அது அங்கிருந்து ஊரக வளர்ச்சிக்கு 'உரிய நடவடிக்கைக்கு' அனுப்பப்படும். அதோடு அதன் ஆயுள் முடிந்தது.

மானியக் கோரிக்கைப் புத்தகத்துக்குள் போனால் செலவை இனம் பிரிக்கும் கணக்குத் தலைப்புகள். 2202 பொதுக்கல்வி, 2210 மருத்துவம், 2235 சமூகப் பாதுகாப்பு, 2236 ஊட்டச்சத்து. குழந்தைகள் நலத்துக்குப் பார்க்க வேண்டிய இடம் 2235-02-102. இந்த எண்ணைக் குறிப்பிட்டு எழுதிய ஒரு பக்கக் குறிப்பைப் பிரிவு அலுவலர் தூக்கி எறிய மாட்டார். காரணம் எளிது. அவர் செய்ய வேண்டிய வேலையில் பாதியை நீங்கள் செய்து கொடுத்துவிட்டீர்கள்.

ஒவ்வொரு தலைப்புக்கும் மூன்று எண்களை எடுங்கள். முந்தைய ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பு ஆண்டின் மதிப்பீடு, அதன் திருத்திய மதிப்பீடு. நம் அறிக்கைகளில் பெரும்பாலும் மதிப்பீட்டை மதிப்பீட்டோடு மட்டும் ஒப்பிடுகிறார்கள். நூறு கோடி ஒதுக்கி, திருத்தத்தில் எழுபதாக்கி, ஐம்பத்தைந்து செலவழித்த துறைக்கு அடுத்த ஆண்டு 110 கோடி என்று வந்தால் "பத்து சதவீத உயர்வு" என்று நாமே கைதட்டிவிடுகிறோம். அங்கே கேட்க வேண்டிய கேள்வி, அந்த நாற்பத்தைந்து கோடி ஏன் செலவாகவில்லை என்பது. காலிப் பணியிடமா, மத்தியத் தவணை வரவில்லையா, அரசாணை தாமதமா? செலவழிக்காத துறைக்கு நிதித்துறை கூடுதலாகத் தராது. அந்தக் காரணத்தோடு போனால்தான் பேச்சே ஆரம்பிக்கும்.

மத்திய அரசு 2008-09 முதல் குழந்தைகளுக்கான ஒதுக்கீட்டைத் தனி அறிக்கையாக வெளியிடுகிறது. இப்போது அது நிதிநிலை அறிக்கையோடு வரும் செலவினத் தொகுப்பில் 12-ஆவது அறிக்கை. 2012-13-ல் மொத்த நிதிநிலை அறிக்கையில் குழந்தைகளின் பங்கு 4.76 சதவீதம். 2025-26-ல் சுமார் 1.16 லட்சம் கோடி ரூபாய், அதாவது 2.29 சதவீதம். குறைந்தது 5 சதவீதம் வேண்டும் என்று சொன்னது 2016-ஆம் ஆண்டின் தேசியச் செயல்திட்டம், அரசே எழுதியது. 2025-26 ஒதுக்கீட்டில் குழந்தைப் பாதுகாப்புக்கான மத்தியத் திட்டம் மிஷன் வாத்சல்யாவுக்கு 1,500 கோடி. மொத்த நிதிநிலை அறிக்கையில் அது 0.03 சதவீதம்.

இந்தச் சதவீதங்கள் மேடைக்கு நல்லவை. பேச்சுவார்த்தை மேசையில் இவற்றுக்கு மதிப்புக் குறைவு என்பேன். "பங்கை 5 சதவீதமாக்கு" என்றால் எந்த அதிகாரியாலும் எந்தக் கோப்பிலும் கையெழுத்துப் போட முடியாது. கோரிக்கைக்கு விலை போட்டுக் கொடுக்க வேண்டும்.

வாத்சல்யாவின் நிதி ஆதரவுத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். குடும்பத்தோடு வாழும், ஆதரவு தேவைப்படும் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமான வரம்பு கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000. ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 48,000. ஒரு மாவட்டத்தில் ஆயிரம் குழந்தைகளைச் சேர்த்தால் 4.8 கோடி. 60:40 பங்கீட்டில் மாநிலத்தின் பாகம் 1.92 கோடி. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒப்புதலாகிக் காத்திருப்போர் எத்தனை பேர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய், முப்பது நாள். எல்லா மாவட்டத்துக்கும் ஒரே கேள்வியை ஒரே வாரத்தில் அனுப்ப வேண்டும். கேள்வியின் ஒரு சொல் மாறினாலும் பதில்களைக் கூட்ட முடியாது. கூட்டமைப்பு ஒன்று தேவைப்படுவதே இதற்காகத்தான்.

ஓரலகுச் செலவையும் விடக்கூடாது. அங்கன்வாடிக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 8 ரூபாய், கடும் ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தைக்கு 12 ரூபாய் என்று மத்திய அரசு நிர்ணயித்தது 2017-ல். "உயர்த்துவோம்" என்ற அறிவிப்பு வந்தது 2025 பிப்ரவரியில். இடையில் பருப்பும் எண்ணெயும் என்ன விலைக்குப் போயின என்று வீட்டில் சமைப்பவர்களுக்குத் தெரியும். குழந்தைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டு தட்டில் விழுவதைக் கவனிக்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும். இன்னோர் எச்சரிக்கை: முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022-ல் 1,545 பள்ளிகளில் 33.56 கோடியில் தொடங்கி, 2023-ல் சுமார் 31,000 பள்ளிகளுக்கு 404 கோடியில் விரிந்தது. இந்த இரண்டு தொகைகளையும் குழந்தைகள் எண்ணிக்கையால் வகுத்து, தலைக்கு இவ்வளவு குறைத்துவிட்டார்கள் என்று எழுதிவிடாதீர்கள். எத்தனை சமையல் நாளுக்கான தொகை, சமையற்கூடச் செலவு அதில் உண்டா என்று பார்க்காத கணக்கைச் சட்டமன்றத்தில் ஒரே வரியில் உடைத்துவிடுவார்கள். அதன்பின் உங்கள் சரியான கணக்கையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இனி கூட்டமைப்பின் உட்பூசல். எல்லோருக்கும் தத்தம் கோரிக்கை முதலில் வர வேண்டும். குழந்தைத் தொழிலாளர் பற்றிப் பேசுபவருக்கு ஊட்டச்சத்து இரண்டாம்பட்சம், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்காக நிற்பவருக்கு இரண்டுமே பிறகு. அதனால் ஐம்பது கோரிக்கை. ஓர் ஆண்டுக்கு மூன்று போதும், ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை, ஒரு தலைப்பு எண். மற்றவை அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு என்று எழுதிக் கையெழுத்திட்டால் யாரும் ஏமாற்றப்பட்டதாக நினைக்க மாட்டார்கள்.

பணம் வரும் வழியும் சிக்கல்தான். வெளிநாட்டு நன்கொடையை ஓர் அமைப்பு இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதை 2020-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தடை செய்துவிட்டது. பெரிய அமைப்பு நிதி வாங்கிச் சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துத் தரும் பழைய முறை இனி நடக்காது. கணக்குப் பார்ப்பவர், மாவட்டத் தகவல் திரட்டுபவர், சட்டமன்ற உறுப்பினர்களைச் சந்திப்பவர் என்று வேலையைப் பிரித்து, அவரவர் செலவை அவரவரே ஏற்பதுதான் வழி. செலவு சிறியதுதான். புத்தகங்கள் நிதித்துறை இணையதளத்தில் இலவசம், ஒரு மடிக்கணினியும் விரிதாள் தெரிந்த இருவரும் போதும். ஊடகத்தில் பேச ஒரே ஆள், ஒரே எண். மூன்று அமைப்புகள் மூன்று தொகை சொன்ன அன்றே ஆட்டம் முடிந்துவிடும்.

மத்தியத் திட்டங்களில் ஒதுக்கீடு வேறு, கையில் வருவது வேறு. 2021-ல் வந்த ஒற்றைக் கணக்கு முறை, அதாவது ஒரு திட்டத்துக்கு மாநிலத்தில் ஒரே வங்கிக் கணக்கு, ஒரு தவணைக்கு 25 சதவீதத்துக்கு மேல் விடுவிக்கக் கூடாது என்றது. கையிலிருப்பதில் 75 சதவீதம் செலவானால்தான் அடுத்தது. ஒரு மாவட்டம் தூங்கினாலும் மாநிலத்துக்கே தவணை தள்ளிப்போகலாம். அரசியல் காரணத்தாலும் நிற்கும். பி.எம். ஸ்ரீ என்ற மத்தியப் பள்ளித் திட்டத்தின் ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால், பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தின் 2024-25 நிதி 2,152 கோடியை மத்திய அரசு நிறுத்தியது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இப்படிப்பட்ட நேரத்தில் மாநிலத்திடம் கூடுதல் கேட்பதா, மத்திய அரசிடம் வரவேண்டியதைக் கேட்பதா என்பதில் கூட்டமைப்பு முன்கூட்டியே ஒரு நிலைப்பாடு எடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்சிகளின் சண்டைக்குள் இழுக்கப்படுவோம்.

நிதிநிலை அறிக்கை வாசித்த அன்றோடு வேலை முடிவதில்லை. மானியக் கோரிக்கை விவாதத்தன்று துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியாகும். ஒதுக்கீட்டைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானம் கொடுத்து விவாதிக்கும் உறுப்பினரிடம் அரைப் பக்கக் குறிப்பு முதல் நாளே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பிறகு துணை மதிப்பீடுகள் வரும், விடுபட்டதைச் சேர்க்க அது இரண்டாம் வாய்ப்பு. ஆண்டு முடிந்து, கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் (சி.ஏ.ஜி.) நிதி ஒதுக்கக் கணக்கு வெளிவரும்போது கூட்டம் சேராது, கேமராவும் இருக்காது. எந்தத் தலைப்பில் எவ்வளவு செலவழிக்காமல் மார்ச் 31-ல் ஒப்படைத்தார்கள் என்பது அதில்தான் இருக்கிறது. அடுத்த ஜூன் கூட்டத்துக்கு வருபவர்கள் அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு வரட்டும்.