லயன் தெரியாத காணி

அந்தக் காணி விற்பனை விளம்பரத்தைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்று இரண்டு நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். இன்று காலை ஏழாவது ஆள் அதை இன்பொக்ஸில் அனுப்பி "அண்ணே, பார்த்தீங்களா" என்று கேட்டதும் முடியவில்லை.

20 பேர்ச் (ஏக்கரில் எட்டில் ஒரு பங்கு) வணிகக் காணி, ஹோட்டல் கட்ட உகந்தது, காசல்ரீ நீர்த்தேக்கத் தண்ணீரும் சிவனொளிபாதமலையும் தெரியும், உறுதிப் பத்திரம் கையில் உண்டு. எல்லாம் சரி. கீழே ஒரு வரி: "லயன் தெரியாது." லயன் என்றால் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை அறைகள், எங்கள் வீடுகள்.

தண்ணீர் உண்டு, கரண்ட் உண்டு, லயன் தெரியாது. நாங்கள் என்ன, குப்பை மேடா? போட்டவர் கொழும்புக்காரராக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அவரும் லயத்து இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து ரொட்டி தின்று வளர்ந்த பிள்ளைதான், அதுதான் வலிக்கிறது.

"தனியார் காணி, விற்கிறான், உனக்கென்ன" என்று கேட்பீர்கள். தெரியும் சாமி. 1972இல் ஒருவர் 50 ஏக்கருக்கு மேல் காணி வைத்திருக்கக் கூடாது என்று எல்லை போட்டார்கள், 1975இல் கம்பனித் தோட்டங்களையும் அரசு எடுத்தது, 1992இல் நிர்வாகம் திரும்பக் கம்பனிகளிடம் போனது. இடையில் தப்பிய துண்டுகள் தனியார் கையில் இருக்கின்றன. விற்கட்டும். விற்காதே என்று நான் எங்கே சொன்னேன்? லயன் தெரியாது என்று ஏன் போட்டாய் என்றுதான் கேட்கிறேன்.

"ஹோட்டல் வந்தால் நம்ம பிள்ளைகளுக்கு வேலை." வரும். ரூம் கூட்டும் வேலை.

"பொறாமை" என்று விளம்பரத்தின் கீழே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். ஆமாம் தம்பி, பொறாமைதான். பேர்ச் ஆறு இலட்சமாம். 2024இல் நிர்ணயித்த 1350 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் ஒரு பேர்ச்சுக்கு என் அக்கா 445 முழுப்பேர், அதாவது 445 முழு நாள் வேலை, போட வேண்டும், அதுவும் சோறு தண்ணி இல்லாமல். எங்களுக்கு வீடு கட்ட முதலில் 7 பேர்ச் தருவதாகச் சொன்னார்கள், அப்புறம் 10 பேர்ச் என்றார்கள். 2017இல் மோடி நோர்வூட்டுக்கு வந்து இன்னும் 10,000 வீடு என்றபோது அப்பாவும் வெயிலில் நின்று கைதட்டினார். எங்கள் லயத்தில் இன்றுவரை ஒருவர் கையிலும் உறுதி இல்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வேலையை விட்டதும் வந்த ஈபிஎஃப் சேமிப்புக் காசில் காம்பராவுக்குப் பின்னால் ஒரு குசினி இறக்கினார். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் நாங்கள் ஆறு பேர், அம்மா புகையிலேயே இருமிக்கொண்டு சமைப்பார். சுவர் நெஞ்சளவு எழும்பியபோது தோட்ட ஒப்பீஸிலிருந்து கடிதம்: அனுமதி இல்லாத கட்டடம். எந்தத் தோட்டம் என்று கேட்காதீர்கள், அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். அப்பா ஆளைக் கூப்பிடவில்லை. தானே ஒவ்வொரு கல்லாக எடுத்து, சுத்தியலால் சிமெந்தைத் தட்டி, உடையாமல் அடுக்கிவைத்தார். "எப்பவாவது காணி கொடுத்தா தேவைப்படும்." அந்தக் கல் அடுக்கில் இப்போது பாசி. அப்பாவும் இல்லை.

மண் சரிந்தால் மட்டும் லயன் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். 2014 ஒக்டோபர் 29, மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்களை மண் மூடியபோது தெரிந்தது. கமெரா, அமைச்சர், அரிசி மூட்டை. அப்புறம் மறுபடி தெரியாது.

சரி, எங்கேயோ போய்விட்டேன். சொல்ல வந்தது வேறு. விளம்பரத்தில் இருக்கும் முதல் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்தக் காணியில் நின்றால் சவுக்கு மரம் மறைக்கும், தண்ணீர் பாதிதான் தெரியும். முழுக் குளமும் மலையும் ஒன்றாகத் தெரிவது எங்கள் லயத்து வாசலிலிருந்து மட்டும்தான். அங்கே வந்து நின்று எடுத்திருக்கிறார். அம்மாவைக் கேட்டேன். "ஆமா, அந்தப் புள்ள வந்துச்சு, தேத்தண்ணி போட்டுக் குடுத்தேன்" என்கிறார்.

படத்தின் இடது ஓரத்தை வெட்டியிருக்கிறார், ஆனால் சரியாக வெட்டவில்லை. கொடியில் அம்மாவின் சிவப்புக் கம்பளி பாதி தெரிகிறது.