வேகாதது மொச்சையோட குத்தம் இல்லைங்க

ஞாயிற்றுக்கிழமை விருந்தில் வேகாத மொச்சைக் குழம்பைச் சாப்பிட்டவர்களுக்கு நான் எதைச் சொல்ல வருகிறேன் என்று தெரியும். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று சந்தையில் ஒருத்தர், "உங்க மொச்சை பல்லைப் பேத்துருச்சாமா" என்று சிரித்தார். சரி, எழுதிவிடுகிறேன்.

அது எங்கள் காட்டு வெள்ளை மொச்சை. நாலு கிலோ. பழைய கொட்டை என்கிறார்கள், ஆனால் போன தையில் பறித்தது. பழசு இல்லை. இன்னொரு தடவை சொல்கிறேன், பழசு இல்லை.

சனிக்கிழமை மதியமே கொண்டுபோய்க் கொடுத்து, "ராத்திரியே ஊறப்போட்டுருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஞாயிறு காலை 5 மணிக்குப் போய்ப் பார்த்தால் பை கட்டினபடியே மூலையில் கிடக்கிறது. "சுடுதண்ணியில ஒரு மணி நேரம் போதுங்க, சோடா உப்பு போட்டா வெந்துரும்" என்றார் சமையல்காரர். அத்தனை வருட அனுபவமாம். அப்புறம் அதே அண்டாவில் புளியையும் கரைத்து ஊற்றினார். புளியும் சோடாவும் சேர்ந்தால் நுரைத்து ஒன்றை ஒன்று தின்றுவிடும். மிஞ்சின புளி கொட்டையை வேகவே விடாது. தண்ணீரோ போர் தண்ணீர். அதில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து தோலை இன்னும் இறுக்கும். சிறுவாணித் தண்ணீரில் பருப்பு பஞ்சாக வேகும் என்று கோயமுத்தூர்க்காரர்கள் பீற்றிக்கொள்வது சும்மா இல்லை.

எங்கள் அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், எந்தப் பள்ளிக்கூடமும் போனதில்லை. குடிக்கிற தண்ணீரில்தான் மொச்சையை ஊறப்போடும். காலையில் அந்தத் தண்ணீரை வாழைக்குக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைக்கும். கொட்டையை விரலில் நசுக்கிப் பார்த்த பிறகுதான் கத்தரிக்காயும் புளியும். ராகிக் களியைக் குழித்து அதில் அந்தக் குழம்பை ஊற்றினால், அதற்கு மேல் நான் சொல்ல வேண்டாம்.

நானும் யோக்கியன் இல்லை. திருப்பூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தபோது புளியை முதலிலேயே ஊற்றி, குக்கர் 9 விசில் அடித்தும் கொட்டை கல்லாகவே இருந்தது. ஆனால் நான் மொச்சையைத் திட்டவில்லை.

"மொச்சை வாயு" என்பார்கள். வாயுதான். அதிலிருக்கும் சிலவகைச் சர்க்கரையை நம் வயிறு செரிக்காது, குடலில் இருக்கும் கிருமிகள் தின்று காற்றாக்கும். ஊறவைத்த தண்ணீரோடு அதில் கொஞ்சம் போய்விடும், அதனால்தான் அமுச்சி கொட்டியது. எங்கள் பெரியம்மாவுக்கு அப்படியும் ஒத்துக்கொள்ளாது, அவர் சாப்பிட வேண்டாம். "ஊறப்போட யாருக்குங்க நேரம் இருக்கு?" என்பவர்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை. தூங்கப் போகுமுன் ஒரு செம்பு தண்ணீர் ஊற்ற நேரமில்லாதவர்கள் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து தாராபுரம் வரை யாரும் இருக்க முடியாது.

சித்தப்பா பந்தியில் எல்லோர் காதிலும் விழும்படி, "இது நாலஞ்சு வருசம் கெடந்த கொட்டையாட்ட இருக்குது" என்றார். அப்போது அம்மா மூன்றாவது இலையில் உட்கார்ந்திருந்தார். அந்த நாலு கிலோவையும் காயவைத்து, தடியால் அடித்து, முறத்தில் புடைத்து, கண் சரியாகத் தெரியாமல் வெயிலில் உட்கார்ந்து சொத்தை பொறுக்கியது அவர்தான். எதிர்வரிசையில் எல்லோரும் கொட்டையை இலை ஓரத்தில் ஒதுக்குவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். அவர் இலையில் ஒரு கொட்டை மீதி இல்லை. எப்படித்தான் மென்றாரோ.

பஸ்ஸில் வரும்போது, "பழசுதானோ கண்ணு? பைய மாத்தி எடுத்துட்டனோ?" என்று கேட்டார். ஊர் வரும்வரை அதையே மூன்று தடவை கேட்டார்.

அதே பையில் எடுத்தது இன்னும் அரைக்கிலோ வீட்டில் இருக்கிறது. இன்று ராத்திரி ஊறப்போடுகிறேன். சித்தப்பா நாளை மதியம் சாப்பாட்டுக்கு வரட்டும். அந்தச் சமையல்காரரையும் கூட்டி வரலாம். சோடா மட்டும் வேண்டாம்.