வேடமிட்டு ஓடுவதும் ஓட்டம்தான்

ஓட்டப் பந்தயங்களில் வேடமிட்டு ஓடுவது வெறும் கேளிக்கை, விளையாட்டே இல்லை என்று ஒரு கட்டுரையில் அதன் ஆசிரியர் ஒரே வரியில் ஒதுக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை. பலரும் வேடமிட்டு ஓடும் சான் பிரான்சிஸ்கோவின் 'பே டு பிரேக்கர்ஸ்' ஓட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1906 நிலநடுக்கத்தில் நொறுங்கிப்போன ஊருக்குத் தெம்பூட்ட 1912-இல் தொடங்கியது. தூரம் 12 கிலோமீட்டர். அதில் 'பூரான்' பிரிவு என்று ஒன்று உண்டு. 13 பேர் ஒருவரோடொருவர் பிணைந்தபடியே ஓடவேண்டும். ஹேய்ஸ் தெருவின் செங்குத்தான ஏற்றத்தில் ஒருவர் கால் தளர்ந்தாலும் மொத்த வரிசையும் தடுமாறும். இதற்குப் பயிற்சி வேண்டாமா? ஆற்று நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் சால்மன் மீனைப் போல, அந்த மீன் வேடக்காரர்களோ கூட்டத்துக்கு எதிர்த்திசையில் ஓடி வருவார்கள், அது தனி அழகு!

அப்புறம், புதிதாகப் போகிறவர்களுக்கு: வேடத்தோடு முன்னமே ஒருமுறை ஓடிப் பாருங்கள். இல்லாவிட்டால் பந்தயத்தன்று தையல் உரசி அக்குள் புண்ணாகிவிடும். பார்வையை மறைக்கும் முகமூடி வேண்டவே வேண்டாம்.